சங்குக்குள்ளே ஆள் இருக்கு

சங்கு தரம் பிரிக்கிற வேலை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கடற்காற்றும் வெள்ளை மணலும்தான் நினைவுக்கு வரும். அழுகின மணம் ஒருவருக்கும் நினைவுக்கு வராது. முல்லைத்தீவுக் கரையோரம் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு கொட்டிலில் நான் அந்த வேலைதான் செய்கிறேன். நண்டு வலையிலும் கரைவலையிலும் மாட்டி வருகிற சங்கு, சிப்பி, சோழி என்கிற சோகி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் பிரித்து, உள்ளே இருக்கிற சதை அழுகிப் போக மணலில் புதைத்து, கழுவி, வெளுக்க வைத்து, எண்ணெய் பூசி, விளக்கும் திரைச்சீலையும் செய்து விற்போம். வீட்டுக்கு வந்து எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் கையில் மணம் போகாது. பஸ்ஸில் பக்கத்துச் சீட் எப்போதும் எனக்கு வெறுமையாகக் கிடைக்கும்.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற தாய்மார் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். என் கணவர் ஓமந்தையில் ஒரு அரிசி ஆலையில் வேலைக்கு நிற்கிறார். வார முடிவில்தான் வருவார். அம்மா வவுனியாவில் தம்பி குடும்பத்தோடு. ஆகையால் நான்கு வயது மகள் மயூரிக்குக் கொட்டில்தான் பகல் வீடு. கணவரின் அக்கா, என் மச்சாள், தர்மபுரத்தில் வயல் செய்கிறா. நல்ல மனிசி. பள்ளிக்கூடம் தொடங்கும் வரைக்கும் பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தா. அறுவடை முடிந்ததும் தானே வந்து கூட்டிக்கொண்டு போவதாகவும் சொல்லிவிட்டா. பிள்ளையைப் பிரிய எனக்கு மனமில்லை. கொட்டிலில் வைத்திருக்கத் துணிவும் இல்லை. ஏன் துணிவில்லை என்பதற்குத்தான் இந்தக் கதைகள்.

நடந்து போன சங்கு

சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாச் சங்கும் ஒன்றுதான். அதில் ஒரு வகை கோன் ஐஸ்கிறீம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர், நீளவாக்கில் கத்தியால் கீறியது போல வாய். கூம்புச் சங்கு என்று பெயர். ஒரு நாள் சாக்குக்குள்ளிருந்து அப்படி ஒன்றை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது தட்டின் ஓரத்தில் இருந்தது. மயூரி விளிம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய மூக்குக்கும் சங்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

கொட்டிலுக்குப் பொறுப்பான ஜெசிந்தா அக்கா ஒரு தடியால் அதைப் புரட்டினா. கூர்ப் பக்கத்திலிருந்து சதை வெளியே வந்தது. அதிலிருந்து குழாய் மாதிரி ஒன்று நீண்டு, யாரையோ தேடுவது போல அங்கும் இங்கும் அசைந்தது. வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்தேன். கூம்பு நத்தை வேட்டையாடித் தின்கிற பிராணி. துதிக்கை போல ஒன்று வைத்திருக்கிறது. அதன் நுனியில் ஊசி மாதிரிப் பல், பல்லில் நஞ்சு. சில இனம் மீனையே குத்தி அசையாமல் செய்து முழுதாக விழுங்கும். அந்த மீன்தின்னிகளில் ஒன்று மனிதரையும் கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

மறுநாள் இவ்வளவையும் ஜெசிந்தா அக்காவுக்கு ஒப்புவித்தேன். வேலையை விடப் போகிறேன் என்றும் சொன்னேன். அவா சோகி கோர்த்துக்கொண்டே கேட்டா. ஊசியை நிறுத்தவும் இல்லை, நிமிரவும் இல்லை.

"உயிர் உள்ளது நடக்கும்தானே பிள்ளை. நீ ஏன் உயிர் இல்லாத மாதிரி நிக்கிறாய்?"

வடிவான படம்

வேலையை விடவில்லை. விட்டால் அந்தப் பக்கத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. சரி, எல்லாருக்கும் எச்சரிக்கையாவது செய்வோம் என்று, கொன்வென்ற்றில் படித்த பிள்ளை செய்யக்கூடிய வேலையைச் செய்தேன். ஆபத்தான கூம்புச் சங்குகளின் படங்களைப் போனிலிருந்து எடுத்து, டவுனில் கலர் பிரின்ற் அடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒன்று பட்டுச் சேலையில் நெய்தது போல முக்கோணம் முக்கோணமாக. ஒன்று கறுப்பில் வெள்ளைப் புள்ளி. ஒன்று வெளிறிய நிறத்தில், நாடுகளின் படம் கீறியது போலச் செம்மண் திட்டுகள். கீழே பெரிய எழுத்தில், தொட வேண்டாம் என்று எழுதினேன்.

பலன் உடனே தெரிந்தது. வெளுக்க வைத்து, எண்ணெய் பூசி, விளக்குக்கென்று அடுக்கி வைத்திருந்த, கண்ணெடுக்க முடியாத மிக வடிவான சங்கெல்லாம் கொட்டில் பெண்கள் தடியால் தள்ளிவிட்டதில் வாசலுக்கு வெளியே கிடந்தன. ஒருவரும் கிட்டப் போகவில்லை. அவை எப்போதோ செத்து வெறுமையான சங்குகள். அதே ஆட்கள் உள்ளே ஈரச் சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். விஷயம் என்னவென்றால், உயிரோடு இருக்கிற கூம்புச் சங்குக்கு மேலே மண்ணிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும். நிறமும் கோலமும் அதற்கு அடியில். நாங்கள் ஊறப்போட்டுத் தோல் கழன்ற பிறகுதான் அந்த வடிவு தெரியும். என் படத்தில் இருந்ததெல்லாம் கழுவின சங்கு. செத்ததுக்குப் பயப்படவும் உயிருள்ளதைத் துணிந்து பிடிக்கவும் நான் அவர்களுக்குப் படம் போட்டுப் படிப்பித்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிற செல்வி, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, படத்துக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். குரலில் பகிடி இல்லை.

"அழகா இருந்தா தொடக்கூடாது, அது புரிஞ்சுதுக்கா. அசிங்கமா இருக்கிறதெல்லாம் நல்லதுதானே?"

வாயைப் பார்

படத்தைக் கிழித்துவிட்டுத் திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினேன். அந்த நேரம் பல்கலைக்கழகத்தில் கடலுயிரினம் படிக்கிற ஒரு பெண், என்னிலும் இளையவள், எங்கள் சாக்குகளில் என்னென்ன வருகிறது என்று பார்க்க வந்தாள். கேள்வி கேட்டுக் கேட்டு அவளை நான் சாப்பிடவும் விடவில்லை. நிறத்தை மறந்துவிடச் சொன்னாள். தோளைப் பார்க்க வேண்டும்: அகலமான பக்கத்தின் விளிம்பு வழுவழுப்பா, இல்லையென்றால் கிரீடம் மாதிரிச் சின்னச் சின்ன முடிச்சா. கனத்தைப் பார்க்க வேண்டும்: புழு தின்கிறது பெரும்பாலும் தடித்த கனமான சங்கு, மீன் தின்கிறது மெல்லியது. எல்லாவற்றுக்கும் மேலே வாயைப் பார்க்க வேண்டும். புழு தின்கிறதுக்கு ஒடுங்கிய கீறல் போதும். மீனை முழுதாக விழுங்குகிறதுக்கு வாய் கூர்ப் பக்கம் போகப் போக அகன்று கிடக்கும். மனிதரைக் கொல்லுகிற அந்த இனத்துக்கு மூன்று அடையாளமும் உண்டு: மெல்லிய சங்கு, தோளில் முடிச்சு, அகன்ற வாய்.

ஆனால் ஒடுங்கிய வாய் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். நத்தையையே தின்கிற ஒரு கூட்டமும் நடுவில் இருக்கிறது, அதுவும் பொல்லாதது. அகலப் பக்கத்தைப் பிடித்தால் கடிக்காது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள், துதிக்கை அங்கும் வளைந்து வரும். அதனால் கூம்பு என்று கண்டால் கை வேண்டாம், இடுக்கிதான். உயிர் இருந்தால் கடல் தண்ணீர் வாளிக்குள் போட்டு, பின்னேரம் போகிற வள்ளத்தில் கொடுத்துத் திரும்பக் கடலில் விடுவது. இதற்கு ஜெசிந்தா அக்கா சம்மதிக்க மாட்டா என்றுதான் நினைத்தேன். உயிருள்ளதைப் புதைக்காவிட்டால் அழுகின மணம் பாதியாகக் குறையும் என்றேன். உடனே சம்மதித்து, வீட்டுக் குசினியிலிருந்து இடுக்கியும் கொண்டுவந்து தந்தா. வாயின் அகலத்தைப் பற்றி நான் சொன்னதை மட்டும் இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டா.

"வாய் பெரிய ஆக்களிட்டைக் கவனமா இருக்கவேணும் எண்டு கண்டுபிடிக்க, அந்தப் பிள்ளை கம்பஸுக்கே போனது?"

மடிக்குள் வந்த பரிசு

அந்தோனி அண்ணை நண்டு வலை போடுகிறவர். மயூரி மேல் சரியான விருப்பம். ஒரு நாள் கடலால் வந்த கையோடு, சாரத்தை இடுப்பில் சுருட்டிச் செருகின மடிக்குள் எதையோ வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். பிள்ளைக்கு ஒரு சாமான் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். என்ன சாமான் என்று கேட்டேன். கூம்புச் சங்கு, நல்ல பெரிசு, வலையிலிருந்து இப்போதுதான் கழற்றினது என்றார்.

உடனே அவரை அசையாமல் நிற்கச் சொல்லி, ஏன் என்று சுருக்கமாகச் சொன்னேன். மனிதர் அப்படியே கல்லாகிவிட்டார். மடியை அவிழ்த்தால் சங்கு விழும், சாரமும் விழும். கொட்டில் நிறையப் பெண்கள். ஜெசிந்தா அக்கா எங்கள் எல்லாரையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வைத்தா. மயூரி மட்டும் திரும்பவில்லை. கடைசியில் தொப் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பினோம். இடுக்கியால் புரட்டிப் பார்த்தேன். தடித்த சங்கு, ஒடுங்கிய வாய், புழுத்தின்னி. உள்ளே ஆள் இருந்தது, நல்ல காலம் வெளியே வர விருப்பமில்லாமல் இருந்திருக்கிறது. அண்ணை கதிரையில் அமர்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"கடலிலை ஒரு நாளும் நான் பயந்ததில்லைத் தங்கச்சி. உங்கடை கொட்டிலுக்கை வந்துதான் பயந்தனான்."

காதில் வைத்தவர்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் எங்களுக்கு நல்ல வாடிக்கை. ஒரு ஐயாவும் மனைவியும் வந்தார்கள். ஐயாவுக்கு எல்லாம் தெரியும். விளக்கைப் பார்த்து இது பிளாஸ்ரிக் என்றார். வலம்புரியைப் பற்றி எனக்கே ஒரு வகுப்பு எடுத்தார். நான் அந்த அம்மாவுக்குத் திரைச்சீலை விரித்துக் காட்டிய சின்ன இடைவெளியில், கடலுக்குத் திரும்பப் போகிற வாளிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, கடல் இரைகிறதா பார்ப்போம் என்று காதில் வைத்தார்.

நான் திரைச்சீலையை எறிந்துவிட்டு ஓடிப் போய், தோளில் கிடந்த துணியைச் சுற்றின கையால் சங்கைத் தட்டி விழுத்தினேன். வாடிக்கையாளரின் காதில் அடித்த முதல் விற்பனைப் பெண் நானாகத்தான் இருப்பேன். விழுந்தது கூம்பு இல்லை, ஒன்றும் செய்யாத சாதாரண ஊரி. அதே வாளியில், அதற்குப் பக்கத்தில் இரண்டு கூம்பு இருந்தன. ஐயா சிவந்த காதைத் தடவிக்கொண்டு முறைத்தார். நான் மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்லத் தொடங்க, அந்த அம்மா ஆற அமர வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றா.

"நான் சொல்லுறது ஒரு நாளும் இந்த மனிசன்ரை காதிலை ஏறாது. சங்கு என்ன சொன்னதெண்டு ஒருக்காக் கேளுங்கோ தங்கச்சி."

அவர்கள் இரண்டு விளக்கு வாங்கினார்கள். அன்றிலிருந்து வாளிக்கு மூடி போட்டோம்.

ஐஸ்கிறீம்

இவ்வளவுக்கும் நடுவில் என் பயம் எனக்குள் மட்டும் நிற்கவில்லை என்பதை ஒரு பின்னேரம் கண்டேன். ஐஸ்கிறீம் வான் வந்தது. மயூரிக்குக் கோன் ஒன்று வாங்கி நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். உள்ளுக்கு ஆள் இருக்கோ என்று கேட்டாள். வான்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. செருப்புப் போடவும் யோசிக்கிறாள், தலையணைக்குக் கீழே கை வைக்கவும் யோசிக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சளித் தடிமன் தொற்றுவது போல என்னிடமிருந்து அவளுக்குப் பயம் தொற்றியிருந்தது. ஐஸ்கிறீம் என் கையில் உருகி வழிந்தது.

செல்வியிடம் சொல்லி அழுதேன். அவளுடைய வீடு காட்டோரம். யானை வந்து வாழையை முறித்துவிட்டுப் போகிற ஊர். உன் பிள்ளைகளை எப்படி வெளியே விடுகிறாய் என்று கேட்டேன். பயப்படு என்று சொல்லிக் கொடுப்பதில்லையாம்; பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்களாம். யானை லத்தி சூடாக இருக்கிறதா, கொப்பு எந்தப் பக்கம் முறிந்திருக்கிறது, நாய் எந்தத் திசையைப் பார்த்துக் குரைக்கிறது, இப்படி. அதெல்லாம் பார்த்துவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார்களாம்.

எனக்கு என் கொன்வென்ற் ஞாபகம் வந்தது. விஞ்ஞான அறையில், போத்தலில் அடைத்த பாம்பும் தேளும் வைத்த ஒரு கண்ணாடி அலுமாரி. சிஸ்டர் அதைத் திறந்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரமும் பாருங்கள் என்பா. பார்க்க வேண்டாம் என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அடுத்த நாளிலிருந்து மயூரியையும் அப்படிப் பழக்கினேன். ஐஸ்கிறீமின் வாய் எங்கே, தோள் எங்கே என்று தொடங்கி, பிறகு வெறுஞ் சங்கு, பிறகு மூடி திறந்த வாளி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, வாய் சின்னன், வாய் பெரிசு என்று சொல்லுவாள். கொஞ்ச நாளில் கரையெல்லாம் கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடம் பார்க்க வந்த பெரியவர் மாதிரிக் கை கட்டிக்கொண்டு திரிந்தாள். செல்விக்குப் பெருமை.

"யானைக்கும் தும்பிக்கை, இதுக்கும் தும்பிக்கை. எங்க புள்ளைங்களும் உங்க புள்ளையும் ஒரே பள்ளிக்கூடம்தான்க்கா."

சாப்பாட்டுப் பெட்டி

அந்தோனி அண்ணைக்கு உண்மையாகவே கடித்தது பிறகுதான். வலையிலிருந்து கழற்றும்போது விரலில் குத்திவிட்டது. போன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, கொட்டிலுக்கு வந்தது. சங்கு தெரிந்த ஆள் நான்தானாம். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு உடனே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஜெசிந்தா அக்கா மயூரியைத் தான் பார்ப்பதாகச் சொல்லி என்னையும் போகச் சொன்னா. நான் போய்ச் சேர, அண்ணையைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மனைவி மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை அணைத்தபடி இருந்தா. எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் பாம்பையும் அடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், என்ன பாம்பு என்று டொக்டர் கேட்பார் என்று. அதே வழக்கத்தில் அவா சங்கைக் கொண்டுவந்திருக்கிறா. ஒரு வித்தியாசம், இது உயிரோடு இருந்தது. மூடி இறுக்கமும் இல்லை.

டொக்டர் இது என்ன என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியை மேசையில் வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். மண்ணிறத் தோல். நிறத்தைத் தேடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பேனையால் மெல்லத் திருப்பினேன். கனம். தோள் வழுவழுப்பு, முடிச்சு இல்லை. வாய் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே ஒடுக்கம். புழுத்தின்னி என்றுதான் நினைக்கிறேன், கொல்லுகிற இனம் இல்லை, ஆனாலும் என் சொல்லை நம்பி அவரை வீட்டுக்கு விட்டுவிடாதீர்கள் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னேன். டொக்டர் தலையாட்டி, எதுவானாலும் மூச்சைக் கவனித்துக்கொண்டு வைத்திருக்கத்தான் போகிறோம் என்றார். விரல் வீங்கி மரத்துப் போனது, அவ்வளவுதான். பொழுதுபட அண்ணை பசிக்கிறது என்றார். சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பாடு இல்லை என்பதை அவருக்கு யார் சொல்வதென்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். போகும்போது டொக்டர் என்னைக் காட்டி அண்ணையின் மனைவியிடம் சொன்னார்.

"கடிச்சதைக் கொண்டு வாற சனத்தை நிறையக் கண்டிருக்கிறன். கடிச்சது ஆரெண்டு சொல்லவும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தான்."

மச்சாள் வந்த நாள்

எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கோ பயம்தான் கூடியது. வளர்ந்த மனிதருக்கே விரல் வீங்கினால், மயூரியின் விரல் எவ்வளவு? கணவர் போனில், நீ பயந்து பயந்து சாகிறதிலும் பார்க்க அக்காவிடம் விடுவோம் என்றார். நானும் சரி என்றுவிட்டேன். கொட்டிலிலும் இதைச் சொன்னேன். அடுத்த நாள் போனபோது பழைய நண்டு வலையால் ஒரு மூலையை மறித்து மயூரிக்கு இடம் பண்ணியிருந்தார்கள். சாக்குகளை இனி வெளியே, உயரமான பலகையில்தான் கொட்டுவது என்று ஜெசிந்தா அக்கா உத்தரவும் போட்டிருந்தா. எனக்கு இன்னும் அழுகை வந்தது. மச்சாள் வர நாள் குறித்தாகிவிட்டது.

மச்சாள் புது அரிசியும் முருங்கைக்காயும் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திறங்கினா. பிள்ளையின் உடுப்புப் பை வாசலில் தயாராக இருந்தது. போகிறதுக்கு முன்னால் கடலைப் பார்ப்போம் என்று மயூரியோடு கரைக்கு இறங்கினா. நான் பின்னால் போனேன். மயூரி கை கட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். வலை உதறுகிற இடத்தில், ஈர மணலில் ஒரு சங்கு கிடந்தது. தன் பெடியங்களுக்கு விளையாட ஆகும் என்று மச்சாள் குனிந்தா. மயூரி கத்தவில்லை. முன்னால் போய் நின்று, கட்டின கையை அவிழ்க்காமலே சொன்னாள்.

"மாமி, பொறுங்கோ. முதல் வாயைப் பாக்கவேணும்."

குந்தியிருந்து பார்த்தாள். வாய் பெரிசு என்றாள். தோளில் முடிச்சு என்றாள். மெல்லிசு மாதிரி என்றாள். அம்மா வரட்டும் என்றாள். நான் போய்ப் பார்த்தேன். முடிச்சு, மெல்லிய விளிம்பு, கூர்ப் பக்கம் அகன்று போகிற வாய். தோல் போய்விட்டது, வெளிறின சங்கில் செம்மண் திட்டுகள். நான் கிழித்த படத்தில் இருந்த அதே இனம். இத்தனை நாளும் சாக்குச் சாக்காகத் தேடி ஒரு தரமும் காணாத, எதை நினைத்து நான் தூக்கம் கெட்டேனோ அது, என் பிள்ளையின் காலுக்கு முன்னால் கிடந்தது. ஒரு தடியைத் தேடினேன். தடி கிடைக்கும் முன்பே சங்கு எழும்பியது. அகன்ற வாய்க்குள்ளிருந்து சிவப்புக் கால்கள் பத்திரமாக வெளியே வந்தன, இரண்டு கண் எட்டிப் பார்த்தது, பிறகு முழு வீட்டையும் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வெறுஞ் சங்கில் குடியேறுகிற சாதாரண முனிவன் நண்டு. வீட்டுக்காரர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், இது வாடகைக்கு இருந்த ஆள்.

மயூரிக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை. ஆள் மாறிப் போச்சு என்று மாமிக்கு விளங்கப்படுத்தினாள். மச்சாள் மணலிலேயே குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினா. உடுப்புப் பையை எடுத்து வரவா என்று நான் கேட்டதற்கு, அது வாசலிலேயே இருக்கட்டும் என்றா.

"எங்கடை வளவிலை பாம்பு இருக்கு, சுத்துக்கட்டு இல்லாத கிணறு இருக்கு, நானோ முழு நாளும் வயலுக்கை நிப்பன். அங்கை இவளுக்கு ஒண்டும் தெரியாது. இங்கை ஆர் ஆரெண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறாள். இவள் இங்கையே நிக்கட்டும்."

பின்னேர பஸ்ஸில் மச்சாள் தனியாகத் திரும்பிப் போனா. நான் நடுங்கி நடுங்கிப் படித்ததையெல்லாம் என் பிள்ளை நடுக்கமே இல்லாமல் படித்துவிட்டாள், இப்போது எனக்கு அதுதான் பயம்.